அறுந்த பூண்டுத் தாள்

"ஏலே ரஷாத், அந்த விருதுக் கமிட்டி ஆளு கண்ணுல பூண்ட நசுக்கித் தேய்க்கணும்ல!"

ஒலியுல்லா போட்ட கத்தலில், பக்கத்துக் கடையில் ஸ்வெட்டர் விலை கேட்டுக்கொண்டிருந்த சுற்றுலாக்காரர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். மூஞ்சிக்கல் பஜாரில் முப்பது வருடமாக மலைப்பூண்டு விற்கும் ஒலியுல்லா கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. விலை குறைக்கச் சொல்லி ஏசுகிறவர்களுக்குக்கூட ஒரு கைப்பிடி கூடவே அள்ளிப்போட்டு அனுப்புகிறவர்.

"மாமா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்றான் ஸ்வெட்டர் கடை ரஷாத். "விருது கிடைக்காமப் போனது நடிகர் கதிர்வேலுக்கு. அவரு இந்நேரம் நிம்மதியா இட்லி தின்னுக்கிட்டு இருப்பாரு. நீங்க ஏன் குதிக்கிறீங்க?"

"குதிக்காம? கண்டக்டரா ஒரு படத்துல வந்தாரே, பாத்தியா? காசில்லாத பொம்பளை கையில டிக்கெட்ட வச்சு மூடிவிட்டுட்டு, அந்தப் பக்கம் திரும்பி விசில் அடிப்பாரு. மூஞ்சியவே காட்ட மாட்டாரு. முதுகுலயே நடிச்ச மனுசன்லே அவரு! இன்னொரு படத்துல ஆஸ்பத்திரி வராண்டாவுல மகனுக்காக உக்காந்திருப்பாரு. டாக்டரு கதவத் திறந்ததும் எவனா இருந்தாலும் ஓடுவான். இவரு குனிஞ்சு செருப்பத் தேடுவாரு. காலுலதான் கெடக்கும் செருப்பு! எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சுலே. இருபத்திரெண்டு வருசம், ஒரு விருது இல்ல. இன்னைக்கு வாங்குனவன் யாரு? மூணு சீனுல சட்டையக் கிழிச்சுக்கிட்டு அழுதவன்!"

"சட்டைக்காவது குடுத்தாங்களேன்னு விடுங்க மாமா."

ஒலியுல்லா சிரிக்கவில்லை. தேர்வுக்குழுவில் இருந்த ஒருவரின் பேட்டி அவர் கைப்பேசியில் காலையிலிருந்து நாலைந்து முறை ஓடிவிட்டது. 'கதிர்வேலையும் பரிசீலித்தோம். ஆனால் பூண்டு விவசாயியாக அவர் நடித்த படத்தில், மனைவி இறந்த பிறகு வரும் கடைசிக் காட்சியைப் பாருங்கள். பூண்டு கட்டும்போது அதன் தாள், அந்தக் காய்ந்த தண்டு, கையோடு அறுகிறது. நாற்பது வருட விவசாயியின் கையில் அப்படி அறுமா? தொழிலைச் சரியாகக் கற்கவில்லை. கற்றுக்கொடுத்தவரும் சரியில்லை போலிருக்கிறது.'

அந்தக் கடைசி வாக்கியம்தான் ஒலியுல்லாவை எரித்தது. படம் எடுத்தது பூண்டி கிராமத்தில். அறுவடை செய்த பூண்டைத் தாளோடு தாள் முறுக்கிக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுப் புகை காட்டுவது அந்த ஊர் வழக்கம். புகை பிடித்த பூண்டுதான் வருடக்கணக்கில் கெடாமல் நிற்கும். அப்படிக் கட்டுவதைக் கதிர்வேலுக்குப் பன்னிரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர் காசிநாதன். ஒலியுல்லாவின் கடைக்கு இருபது வருடமாகப் பூண்டு தருகிறவர்.

பதினொரு மணிக்குக் காசிநாதனின் மகள் சத்தியபிரியா போன் செய்தாள்.

"மாமா, அப்பா காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. டீக்கடையில எல்லாரும் கேலி பண்ணியிருக்காங்க. 'நீ சொல்லிக்குடுத்த லட்சணத்துல அந்த மனுசன் விருதையே தொலைச்சுட்டாரு'ன்னு. வந்ததுல இருந்து பரணுல இருந்த பூண்டுக்கட்டு எல்லாத்தையும் எறக்கி அவுத்துக்கிட்டு இருக்காரு. இனிமே பூண்டு கட்டவே மாட்டாராம். வெரசா வாங்க மாமா, இந்த வருசப் பூண்டு பூராவும் வீணாப்போயிரும்."

ஒலியுல்லா போனை வைத்தார். கோபம் போன இடம் தெரியவில்லை.

அந்தத் தாள் ஏன் அறுந்தது என்பது இந்தப் பஜாரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மூன்று வருடம் முன்பு காசிநாதனின் மனைவி பிச்சையம்மாள் இறந்தாள். துக்கம் கேட்கப் போன ஒலியுல்லா, வீட்டின் பின்பக்கம் காசிநாதனைத் தனியே கண்டார். பூண்டு கட்டிக்கொண்டிருந்தார். முறுக்குகிறார், அறுகிறது. அடுத்ததை எடுக்கிறார், அதுவும் அறுகிறது. ஒரு தாள் அறுத்தறியாத கை. காலடியில் பத்துத் தாள் அறுந்து கிடந்தது. ஒலியுல்லா அவற்றைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து மனைவி ரோஷன் பேகத்திடம்கூடச் சொல்லவில்லை.

ஆனால் கதிர்வேலிடம் சொன்னார். படப்பிடிப்பு நாட்களில் ஒருநாள் குரங்குத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் கடைக்கு வந்து, பூண்டு மூட்டைமேலேயே உட்கார்ந்து டீ குடித்தார். டீ தீர்ந்து எழுந்துகொள்ளப் பார்த்தார். "எங்க காசி, பொண்டாட்டி செத்த அன்னைக்கு என்ன செஞ்சாருன்னு தெரியுமாங்க?" என்று ஒலியுல்லா ஆரம்பித்தார். கதிர்வேல் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

லுஹர் என்ற நண்பகல் தொழுகையில் ஒலியுல்லாவுக்கு மனம் நிற்கவில்லை. எழவு வீட்டில் ஒருவனின் கை தடுமாறுவதை நாம் பார்க்க நேர்ந்தால், அது அவன் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதம். அதையே எடுத்துச் செலவழித்துவிட்டுத் தேர்வுக்குழுக்காரரை என்ன சொல்லித் திட்டுவது?

வீட்டில் அவர் சொன்ன எல்லாவற்றையும் ரோஷன் பேகம் கேட்டுக்கொண்டாள். குல்லாவையும் கம்பளிச் சால்வையையும் எடுத்து வந்து கையில் கொடுத்தாள்.

"பூண்டி பஸ்ஸு ஒன்றரைக்கு. ஓடுங்க."

பூண்டியில் காசிநாதன், அவிழ்த்த பூண்டுக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். தலை நிமிரவில்லை.

"யாவாரம் பேச வந்திருந்தா அப்படியே போயிருங்க பாய். நான் தொழில் தெரியாதவன். பட்டணத்துல டிவியிலயே சொல்லிட்டான்."

"காசி, அந்தத் தாள் உன்னாலதான் அத்துச்சு. ஆனா நீ சொல்லிக்குடுத்ததுனால இல்ல."

"என்ன விடுகதை போடுறீங்க?"

ஒலியுல்லா சொன்னார். பின்பக்கம், பத்துத் தாள், பொறுக்கி வைத்தது, கடையில் மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடித்த கதிர்வேல். ஒன்றையும் மறைக்கவில்லை.

காசிநாதனின் கழுத்து நரம்பு புடைத்தது. "நான் அப்படியா செஞ்சேன்? அன்னைக்கு எனக்கு ஒண்ணும் நினைப்பு இல்ல பாய். எனக்கே தெரியாதத நீங்க பாத்து, சினிமாக்காரன்கிட்ட வித்தீங்களா?"

"வித்தேன் காசி. அந்த மனுசன் இன்னும் பத்து நிமிசம் என் கடையில உக்காரணும்னு வித்தேன்."

"என் பொண்டாட்டி சாவு உங்களுக்கு டீக்குத் தொட்டுக்கவா இருந்துச்சு?"

கையில் இருந்த கட்டு பறந்து வந்து ஒலியுல்லாவின் தோளில் அடித்துச் சிதறியது. வாசலில் நின்ற சத்தியபிரியா "அப்பா!" என்று பாய்ந்தாள். ஒலியுல்லா கையைக் காட்டி அவளை நிறுத்தினார். குனிந்து, சிதறிய பூண்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார்.

பாதிப் பூண்டு பொறுக்கியானதும் காசிநாதன், "போனக் குடுங்க" என்றார்.

ஒலியுல்லா படத்தின் கடைசிக் காட்சியை வைத்துக் கொடுத்தார். திரையில் கதிர்வேல் தனியே உட்கார்ந்து தாளை முறுக்குகிறார். நான்கு முறுக்கு சீராக விழுகிறது. ஐந்தாவதில் அறுகிறது. கதிர்வேல் அழவில்லை. அறுந்த துண்டை மற்ற தாளோடு சேர்த்துப் பிடித்துப் பார்க்கிறார், இன்னும் ஒட்டும் என்பதுபோல. போன மாதம் படம் பார்த்தபோது இதே இடத்தில், பாவம், கை பதறி அத்துட்டாரு என்று காசிநாதன் வருத்தப்பட்டிருந்தார். இப்போது இரண்டாம் தரம் பார்த்தார். மூன்றாம் தரமும் பார்த்தார்.

"நான் எத்தன அத்தேன்னீங்க?"

"பத்து இருக்கும்."

"இவரு ஒண்ணுதான் அத்தாரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ஒண்ணு போதும்."

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் கண்ணில் கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அது ஒலியுல்லாவைத் தாண்டி எங்கோ போயிருந்தது.

"விருது குடுக்குற அந்த ஆளு வீட்டுல இதுவரைக்கும் யாருமே செத்ததில்லையா பாய்?"

ஒலியுல்லா பொறுக்கிய பூண்டை அவர் முன்னால் வைத்தார்.

"உங்க மேல எனக்கு ஆத்திரம் தீரல. அது எப்பத் தீருமோ தெரியாது" என்ற காசிநாதன், அவர் பக்கம் திரும்பாமலே உள்ளே குரல் கொடுத்தார். "சத்தியா, பாய்க்கு டீ போடு. சீனி போட்டுறாத, அவருக்கு சுகரு."

ஒலியுல்லா அங்கே கிடந்த தாள்களைச் சேர்த்து, தெரிந்தமட்டும் முறுக்கிப் பார்த்தார்.

"அதக் கீழ வைங்க. இருபது வருசமா விக்கத்தான் தெரியும் உங்களுக்கு" என்று பிடுங்கிக்கொண்ட காசிநாதன், முதல் கட்டைக் கட்ட ஆரம்பித்தார்.