கால் தரையில் படும் முன்

ஸஹ்லே நகரின் கூடைப்பந்து அரங்கில் மேளம் காதைப் பிளந்தது. துறைமுக ஊரான மீனாவின் அணியைவிட உள்ளூர்ப் பெண்கள் ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். ஆட்டம் முடிய மூன்று விநாடிதான் பாக்கி. மீனா அணியின் கூடைக்குக் கீழே, எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்ற உள்ளூர்க் கேப்டன் மிரேயிடம் நடுவர் லமீஸ் பந்தைக் கொடுத்துவிட்டு, கையை வீசி, பந்தை உள்ளே எறியக் கிடைக்கும் ஐந்து விநாடிகளை எண்ணத் தொடங்கினாள்.

பந்தை வாங்க ஆளில்லை. எல்லோரையும் மீனாப் பெண்கள் மடக்கிவிட்டார்கள். மிரேய்க்கு முன்னால் நின்றவளோ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மிரேய் அந்த முதுகிலேயே பந்தை எறிந்தாள். அது பட்டுத் தெறித்ததும் கோட்டைத் தாண்டிப் பாய்ந்து, பறந்தபடியே பிடித்து, இறங்கிக் கூடைக்குள் போட்டாள். மணி அடித்தது.

அரங்கமே எழுந்து ஆடியது. எதிர்க்கோடியில் நின்ற மூத்த நடுவர் நஸீஹ், கூடை செல்லும் என்று இரண்டு விரலைக் காட்டிவிட்டார்.

ஆனால் பந்து மிரேயின் கையில் பட்டபோதே லமீஸ் விசில் ஊதியிருந்தாள். மேளச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நிஜமாகவே பார்த்தோமா? பார்த்தாள். பந்தைப் பிடித்தபோது மிரேயின் இரண்டு காலும் அந்தரத்தில்தான் இருந்தன. லமீஸ் கையை உயர்த்தியபடி புள்ளி குறிக்கும் மேசைக்கு நடந்தாள்.

அதற்குள் மீனா பயிற்சியாளர் புர்ஹான் அங்கே குதித்துக்கொண்டிருந்தார். "முதுகுல அடிச்சு எடுக்கறதெல்லாம் ஒரு ஆட்டமா?"

"முதுகுல அடிச்சது சரிதான் சார். தப்பு அதுல இல்ல," என்ற லமீஸ், நஸீஹ் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நான் முன்னாடியே ஊதிட்டேன். கூடை செல்லாது."

நஸீஹ் குரலைத் தாழ்த்தினார். "நெசமா பாத்தியா? இந்தக் கூட்டத்தப் பாரு. நம்ம தோல உரிச்சிருவாங்க."

"பாத்தேன்."

"நான் கோட்ட மிதிக்கவே இல்லையே!" என்று மிரேய் ஓடிவந்தாள்.

"மிதிக்கலம்மா. வெளியேருந்து குதிச்சே. உள்ள கால் படற வரைக்கும் நீ வெளியதான் இருக்கே. அதுக்குள்ள பந்தப் பிடிச்சிட்டே," என்றாள் லமீஸ்.

நஸீஹ் ஒரு பெருமூச்சு விட்டுக் கூடையை ரத்து செய்தார். கடிகாரத்தை விசில் ஊதிய நேரத்துக்கு, இரண்டு விநாடிக்குத் திருப்பினார்கள்.

தண்ணீர் பாட்டில்கள் பறந்து வந்தன. ஒன்று லமீஸின் தோளில் பட்டது. "ஏம்மா, மீனாக்காரனுங்க மீன் பொரிச்சுக் குடுத்தானுங்களா?" என்று ஒருவன் கத்த, கூட்டம் ஊளையிட்டது.

இப்போது பந்து மீனாவுக்கு. எறிய வந்த எட்டாம் எண்காரியிடம், "இந்த இடம்தான். நகரக் கூடாது," என்று சொல்லி லமீஸ் பந்தைக் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப் போயிருந்தது. மிரேய் எதிரே கையை விரித்து மறைத்ததும் பதறி, கோட்டோரமாகவே ஓடினாள். கூடை விழுந்த பிறகு எறிவதென்றால் அப்படி ஓடலாம். விழுந்த கூடைதான் செல்லாதே!

லமீஸ் விசிலை வாயில் வைத்தாள். இதையும் ஊதினால், கூட்டத்துக்குப் பயந்து ஈடுகட்டுகிறாள் என்பார்கள். ஊதினாள்.

புர்ஹான் தலையில் அடித்துக்கொண்டார். "ஸஹ்லேக்காரங்க அரக் சாராயம் ஊத்திக் குடுத்தாங்களா உனக்கு?"

"அவ ஓடினத நீங்களும் பாத்தீங்க சார்."

பாட்டில் எறிந்த கூட்டம் இப்போது அவளுக்குக் கை தட்டியது. அந்தக் கைதட்டல் அவளுக்குப் பாட்டிலைவிட எரிச்சலாக இருந்தது.

பந்து மறுபடி மிரேயிடம். இந்த முறை ஒரு தோழி விலகி ஓடி வாங்கிவிட்டாள். எறிந்தாள். பந்து வளையத்தின் விளிம்பில் சுற்றியது, தயங்கியது, வெளியே விழுந்தது. மணி.

ஸஹ்லே தோற்றது. மேளக்காரன் குச்சியைக் கீழே போட்டான். யாரும் எதையும் எறியவில்லை. மிரேய் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

உடை மாற்றும் அறையில் லமீஸால் விசில் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. நஸீஹ் வந்து அவிழ்த்துவிட்டார்.

"நானா இருந்தா அந்த மொத விசில வெளிய சொல்லாம விட்டிருப்பேன்," என்றார்.

"நானும் விடலாமான்னுதாண்ணா நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு, அடிபட்ட தோளைத் தேய்த்துக்கொண்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.