நாகலக்ஷ்மி வீட்டு அனல்காற்று

ஜெயசீலி கணினியில் ஜன்னல் வரைந்தால் திரையிலிருந்து காற்று வந்தது. முதல் தடவை வந்தது ஒரு மே மாதத்தில். அந்த வாரம் அல்போன்சோ மாம்பழ விலை இறங்கியிருந்தது, சென்ட்ரல் லைனில் ஞாயிற்றுக்கிழமை ரயிலை நிறுத்திப் பழுது பார்க்க மெகா பிளாக் அறிவித்திருந்தார்கள். பம்பாய் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழையிலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அலுவலகத்தில், இடித்துப் புதிதாகக் கட்டவிருந்த செம்பூர் குடியிருப்பு ஒன்றின் படுக்கையறைக்கு அவள் மேற்குப் பக்கம் ஜன்னல் வைத்ததும் மேஜைமேல் இருந்த காகிதங்கள் பறந்தன. லேசாக உப்பு வாடை அடிக்கும் குளிர்ந்த காற்று. ஜெயசீலி காகிதங்களின் மேல் ஸ்டேப்ளரைத் தூக்கி வைத்துவிட்டு அடுத்த ஜன்னலை வரையப் போனாள். பக்கத்து மேஜையில் இருந்த நாகலக்ஷ்மிக்குத்தான் அன்றைக்கு வேலை ஓடவில்லை.

இருவரும் கட்டடக்கலைக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நாகலக்ஷ்மியின் குடும்பம் மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் இருந்தது. ஜெயசீலி தாராவியில் பிறந்து வளர்ந்தவள். சேர்ந்து தொடங்கிய அலுவலகத்துக்குச் சில பிடிவாதங்கள் இருந்தன. ஏசி இல்லாமல் இருக்க முடியாத வீட்டை வரைவதில்லை. பழைய கட்டடத்தை இடித்தால் அதன் தேக்குக் கதவையும் மொசைக் கல்லையும் குப்பைக்கு அனுப்புவதில்லை. குடியிருக்கப் போகிறவர்களிடம் பேசாமல் ஒரு கோடுகூடப் போடுவதில்லை. பேசுகிற வேலை ஜெயசீலியுடையது. ஒரு வீட்டுக்குப் போனால் சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அந்த வீட்டுக்காரி எந்தப் பக்கம் திரும்பி நின்று வெங்காயம் நறுக்குகிறாள் என்பதுவரை பார்த்துவிட்டுத்தான் வருவாள். கணினி வேலை நாகலக்ஷ்மியுடையது. டிசம்பர் வெயில் எந்தச் சுவரில் விழும், எந்த மாடியில் காற்று வந்து முட்டி நிற்கும் என்பதையெல்லாம் முப்பரிமாணத்தில் ஓடவிட்டுக் காட்டுவாள். திரையில் காற்றை நீல அம்புகளாகப் போட ஜெயசீலிக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். இப்போது அம்பு நாகலக்ஷ்மியிடம் இருந்தது, காற்று ஜெயசீலியிடம் போய்விட்டது.

கணினியில் ஏதோ கோளாறு என்று நாகலக்ஷ்மி முதலில் நம்பினாள். இருவருடைய கணினிகளையும் இடம் மாற்றிப் பார்த்தாள். காற்று ஜெயசீலியோடு இடம் மாறியது. ஜெயசீலி வரைந்த ஜன்னலை அப்படியே அளவு பிசகாமல் தன் கோப்பில் வரைந்து, முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் காத்திருந்தாள். நெற்றிப் பொட்டு வியர்வையில் வழிந்ததுதான் மிச்சம். அதற்குள் சேதி ஊர் தாண்டி ஐரோலி வரை போய்விட்டது. வீடு கட்ட நினைத்தவர்களும் நினைக்காதவர்களும் டிபன் டப்பாவோடு வந்து உட்கார்ந்தார்கள். வாசலில் நாகலக்ஷ்மியைப் பார்த்து, "சீலி மேடம் இருக்காங்களா?" என்று கேட்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அவளுடைய கணவன் அனந்தகிருஷ்ணன் பேங்கிலிருந்து மத்தியானத்தில் நழுவி வந்து, சட்டையின் மேல்பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டு ஜெயசீலியின் திரைக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தான். அன்று சாப்பிடும்போது, "என்ன சொகமான காத்துடி அது!" என்றான். நாகலக்ஷ்மி ரசத்தைச் சோற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் டம்ளரில் ஊற்றினாள்.

செம்பூர் குடியிருப்பின் சொசைட்டி செயலாளர் மீனாட்சியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்து மனுஷி. நாற்பது குடும்பங்களின் சார்பாக அவள்தான் வந்து போவாள். நாகலக்ஷ்மி வாரக்கணக்கில் தயாரித்த சூரிய ஒளி அறிக்கையைப் பிரிக்காமலேயே மடியில் வைத்துக்கொண்டு, ஜெயசீலியின் திரையில் கன்னத்தைப் பதித்தாள்.

"ஏட்டி சீலி, இந்தக் காத்து எங்க வீட்டுக்கும் இப்படியே வந்துருமா?"

"வரும் அத்தே. கட்டடத்துக்கு நடுவுல மேல வரைக்கும் ஒரு வெளி விட்டிருக்கேன்லா, அத மட்டும் யாரும் அடைச்சிரக் கூடாது."

பக்கத்தில் நின்ற நாகலக்ஷ்மி அதைக் கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருந்த அலுவலகத்தைத் திறந்து, ஜெயசீலியின் கோப்பில் அந்த நடுவெளியை மாடி மாடியாக அடைத்தாள். வீட்டுக்கு வீடு ஒரு ஸ்டோர் ரூம் கிடைத்தது. ஸ்டோர் ரூம் வேண்டாம் என்று சொல்கிற குடும்பம் பம்பாயில் உண்டா, இதுவும் வாடிக்கையாளர் சேவைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வரைபடத்தை அந்தக் குடியிருப்பைக் கட்டப்போகிற பில்டருக்கு அனுப்பினாள். பில்டர் உடனே போன் பண்ணி, விற்கிற இடம் கூடிவிட்டது என்று அவளை வாய்நிறையப் புகழ்ந்தார். அவளை ஒருவர் புகழ்ந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

சொசைட்டிக்காரர்களோடு நடந்த அடுத்த கூட்டத்தில் திரை செத்துக் கிடந்தது. ஜெயசீலி ஒரு ஜன்னலைத் திறந்தாள், இன்னொன்றைத் திறந்தாள். அவள் மேலுதட்டில் வியர்வை அரும்பியது. "காத்து எங்கட்டி போச்சு?" என்றாள் மீனாட்சியம்மாள். பின்வரிசையில் யாரோ, "எங்கயாவது ஃபேன ஒளிச்சு வச்சிருந்திருப்பாங்க" என்று சொல்ல, கூட்டம் சிரித்தது. ஜெயசீலி தலை நிமிரவில்லை. நாகலக்ஷ்மிக்கு நெஞ்சுக்குள் பாயசம் இறங்குவதுபோல் இருந்தது. வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அந்த இனிப்பு இருந்தது.

கதவைத் திறந்தபோது வீட்டுக்குள் காற்று வீசிக்கொண்டிருந்தது. "என்னடி இது, ஜன்னலெல்லாம் சாத்தித்தானே இருக்கு?" என்று அனந்தகிருஷ்ணன் பறக்கும் காலண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆசைப்பட்ட காற்றுதான், ஆனால் அனலாக அடித்தது. உப்பு வாடை இல்லை, பூட்டிக் கிடந்த அறையின் வாடை. கொத்தமல்லிக் கட்டு வாங்கி வைத்த சூட்டோடு சருகானது, உதடு வெடித்தது. அனந்தகிருஷ்ணன் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கப் பழகினான். பம்பாயில் வேறு யார் வீட்டிலும் அப்படிக் காற்று வீசவில்லை.

ஜெயசீலி ஒரு மாலை வந்தாள். புடவைத் தலைப்பு படபடக்க அந்த அனலில் உட்கார்ந்தாள். ஏன் இப்படி அடிக்கிறது என்று கேட்கவில்லை.

"நீதான அடைச்ச, நாகு?"

"ஆமா, நான்தான். உனக்கு மட்டும் ஏன் வரணும்? கத்துக் குடுத்தது நான்."

"எனக்கு எப்படி வருதுன்னு எனக்கே தெரியாதுட்டி. எங்கூட சண்ட போட்டிருந்தா நானும் ரெண்டு ஏச்சு ஏசிட்டுப் போயிருப்பேன். அந்த நாப்பது வீட்டு மூச்ச எதுக்கு அடைச்ச?"

 மறுநாள் நாகலக்ஷ்மி செம்பூருக்குப் போய், சொசைட்டி மொத்தமும் கூடியிருந்த இடத்தில், நடுவெளியை அடைத்தது தான் என்றும் ஜெயசீலிக்குத் தெரியாது என்றும் சொன்னாள். பில்டர் பழைய வரைபடத்துக்குத் திரும்ப முடியாது என்றார். மீனாட்சியம்மாள், அப்படியானால் ஒருத்தரும் வீட்டைக் காலி பண்ணப்போவதில்லை என்றாள். அந்த மழைக்காலமும் அடுத்ததும் கூரை ஒழுக ஒழுக நாற்பது குடும்பங்களும் அங்கேயே இருந்தன. கடைசியில் பில்டர்தான் இறங்கி வந்தார். கட்டடம் எழுந்தது. பழைய தேக்குக் கதவுகள் புது வாசல்களில் ஏறின. குடிபோன அன்றே நடுவெளி வழியாகக் காற்று வந்தது, எல்லா வீட்டுக்கும்.

ஜெயசீலி அதைப் பார்க்க நாகலக்ஷ்மியோடு போகவில்லை. முன்பே அலுவலகத்தை விட்டுப் பிரிந்து, தாராவி நயன்டி ஃபீட் ரோட்டில் தனியாகப் பெயர்ப்பலகை மாட்டியிருந்தாள். நாகலக்ஷ்மி தனியாகவே வரைந்தாள். நல்ல வீடுகள், விருதுகள்கூட வந்தன. அனல்காற்று மட்டும் அவள் வீட்டை விட்டுப் போகவில்லை. ஒரு ஜூலையில் வெயிலே தலைகாட்டாத வாரத்தில், எதிர்வீட்டு சுப்புலக்ஷ்மி தயங்கித் தயங்கி, ஸ்கூல் யூனிஃபார்மை ஹாலில் காயப்போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். சட்டென்று காய்ந்தது. அடுத்த வாரம் நாலு வீட்டுத் துணிகள் வந்தன. அனந்தகிருஷ்ணன் ஹாலுக்குக் குறுக்கே நைலான் கயிறு கட்டினான். பிறகு ஒவ்வொரு மழைக்காலத்திலும் மாட்டுங்காவில் துணி காயாதவர்கள் அங்கே வந்தார்கள், இஸ்திரிக்காரன் வாடிக்கைக்காரர்களையும் அனுப்பினான்.

போன ஆகஸ்டில், தாராவியில் தண்ணீர் ஏறிய வாரம், ஜெயசீலி ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்து வாசலில் நின்றாள்.

"காயுமா?"

"உள்ள வா. ஜீன்ஸ் மட்டும் கொஞ்சம் நேரமாகும்."

இருவருமாகப் பிழிந்து கயிற்றில் போட்டார்கள். "செம்பூர்ல காத்து எப்படி இருக்கு?" என்று நாகலக்ஷ்மி கேட்டாள். நல்லா இருக்கு, மீனாட்சி அத்தை ஃபேனே போடுவதில்லை, பார்க்கிறபோதெல்லாம் கையைப் பிடித்துக்கொள்கிறாள் என்றாள் ஜெயசீலி. நாகலக்ஷ்மிக்கு வயிற்றுக்குள் பழையபடி ஒரு எரிச்சல் ஏறியது. கயிற்றில் துணிகள் எல்லாம் ஒரே பக்கமாக எழும்பிப் படபடத்தன. அன்றைக்கு ஜீன்ஸ்கூடச் சீக்கிரமே காய்ந்துவிட்டது.