காமாலை என்று சொல்லிவைத்த வீடு

வண்டிக் கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்துக்கொண்ட மரிய ஜோசப்புக்கு ஏக சந்தோஷம். மஞ்சள் இறங்கியிருந்தது. உடம்பெல்லாம் படுத்தியெடுத்த அரிப்பும் இல்லை. கடலூர் முதுநகரில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவர் அவர். வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

மனைவி பெலிசியாவுக்குக் கை ஓடவில்லை. சிதம்பரம் ஆஸ்பத்திரியில் பித்தக் குழாயின் அடிப்பகுதியில் புற்றுநோய் என்று சொல்லியிருந்தார்கள். அடைபட்ட இடத்தில் ஒரு சின்னக் குழாயைச் செருகியதால்தான் மஞ்சள் இறங்கியது. கட்டி அங்கேயேதான் இருந்தது. இன்னும் பரவவில்லை, இப்போது அறுத்து எடுக்கலாம், தள்ளிப்போட்டால் முடியாமல் போகலாம் என்று சர்ஜன் இசைவாணி எச்சரித்திருந்தார்.

இது ஜோசப்புக்கு மட்டும் தெரியாது. தெரிந்தால் மாமா படுத்துவிடுவார் என்று பெலிசியாவின் தம்பி லூர்து பிரகாஷ் எல்லோர் வாயையும் கட்டியிருந்தான். கோயில் பூசையில் வேண்டிக்கொள்ளச் சொன்னபோதும் 'முத்தின காமாலை' என்றே சொல்லிவைத்தார்கள்.

ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாள் அன்றுதான். பிரகாஷ் காரோடு வந்து நின்றான்.

"காமாலைக்கு எவன்டா வயித்தக் கிழிப்பான்?" ஜோசப் சிரித்தார். "அதான் எறங்கிடுச்சே. ஒங்கக்காவ வேணா கூட்டிட்டுப் போ மச்சான், அவ மூஞ்சிதான் வெளுத்துக் கெடக்கு."

கல் என்றும் அடைப்பு என்றும் பிரகாஷ் புதுப்புதுக் காரணம் சொல்லிப் பார்த்தான். ஜோசப் வண்டியை உதைத்தார். தம்பி கண்ணைக் காட்டியும் பெலிசியா நிற்கவில்லை. போய்ச் சாவியைத் திருப்பி எடுத்தாள்.

"காமாலை இல்லீங்க. கேன்சரு. இப்ப எடுத்தாதான் உண்டு."

அவர் ஹாண்டில்பாரிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "எல்லாருக்கும் தெரியுமா?" என்றார். அவள் தலையசைத்தாள். அவர் இறங்கிப் போய்க் காரில் உட்கார்ந்தார்.

எதை எடுப்பார்கள், எதோடு எதை இணைப்பார்கள், எங்கே கசியலாம் என்று ஆஸ்பத்திரியில் ஜோசப் இசைவாணியிடம் இன்ஜினைப் பற்றிக் கேட்பதுபோலவே கேட்டுத் தெரிந்துகொண்டார். பெரிய ஆபரேஷன், ஆபத்து உண்டு, திரும்பவும் வரலாம் என்று இசைவாணி மறைக்காமல் சொன்னார். ஜோசப் சம்மதித்தார். கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள்.

வார்டுக்கு மாற்றிய பிறகு பங்குக் கோயிலிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். வயிற்றில் சின்னதாக ஏதோ அடைப்பு என்று பிரகாஷ் இழுத்தான்.

"கேன்சருன்னு சொல்லு மச்சான்," என்றார் ஜோசப், மெலிந்த குரலில். "அன்னிக்கு ஒங்கக்கா வாயத் தொறக்கலேன்னா நான் வேலைக்குப் போயிருப்பேன், அது பாட்டுக்கு உள்ள வளந்திருக்கும். நோயாளிகிட்ட நோய மறைக்கறது பாசமில்லடா. அது நோய்க்குப் பண்ற ஒத்தாசை."