கண்ணீருடன், நல்லகாமன்

சாவு நான்தான். பயப்பட வேண்டாம், இது பாண்டிமீனாவின் கதை.

கோரிப்பாளையத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வடிவமைப்பவள் அவள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவளைக் கூட்டிப்போக வேண்டும். ஆளைப் பார்த்துவைக்கலாமென்று திங்கட்கிழமையே மனித உருவெடுத்து, நல்லகாமன் என்று பெயர் சொல்லி, அங்கே போஸ்டர் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். வினை அப்படித்தான் ஆரம்பித்தது.

யாராவது ஆதார் அட்டைப் படத்தை நீட்டினால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். "இது திருடனத் தேடுற போட்டோ மாதிரில்ல இருக்கு? அவரு சிரிச்ச படம் ஒண்ணுகூடவா இல்ல?" என்பாள். காதுகுத்து வீடியோவரை தேடவைத்து, பந்தியில் கடைசி இலையில் இருந்த முகத்தை எடுத்துத் துலக்கிப் பெரிதாக்குவாள். வாங்க வந்த மகன் அதைப் பார்த்து, "அப்பா!" என்று உடைந்து அழுவான். எம்புட்டுப் பேரைக் கூட்டிப்போயிருக்கிறேன், ஒருவரையாவது இப்படிப் பார்த்திருக்கிறேனா? வெட்கமாக இருந்தது. வியாழக்கிழமைக்குள் அவள்மேல் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது.

"இவரு கடைசியா சிரிச்சுக்கிட்டேதான் கெளம்புனாரு," என்று அன்றைக்கு ஒரு படத்தைப் பார்த்து வாய் தவறி உளறினேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

பசை வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன்.

உயிரோடிருப்பவர் இறந்ததாகச் சேதி பரவினால் ஆயுசு கூடும் என்பார்கள் இந்த ஊரில். அது உண்மை. ஊர் ஒருமுறை அழுதுமுடித்த ஆளைக் குறித்த நேரத்தில் நான் தொட முடியாது. ஆனால் வெறுங்கையோடு திரும்பினால் இந்த உடம்பு எனக்கு நிலைக்காது.

போனால் போகட்டும். வெள்ளிக்கிழமை அவள் வருமுன்பே அவளுக்கு ஒரு போஸ்டர் அடித்தேன். டீ குடிக்கையில் அவள் சிரித்ததை நானே படமெடுத்து வைத்திருந்தேன். கீழே அழுகிறவர் பெயரும் உறவும் கட்டாயம் இருக்க வேண்டும், அது அவள் சட்டம். என்ன உறவு போடுவதென்று வெகுநேரம் தவித்து, ஒன்றைப் போட்டு, அவளுடைய ஊரான வாடிப்பட்டி முழுக்க ஒட்டிவிட்டு வந்தேன்.

மூன்றரைக்கு அவள் சித்தப்பா முத்திருளன் மாலையும் கையுமாக அலறிக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். அவளோ கம்ப்யூட்டர் முன்னால் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

"அடியே, உசுரோடவா இருக்க? ஊரே அழுது ஓஞ்சு போச்சு! போன எடுத்தாத்தான?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒனக்கு ஆயுசு கெட்டி தாயி. அது சரி, எப்ப கல்யாணம் முடிச்ச?"

அவர் கையிலிருந்த போஸ்டரை அவள் வாங்கிப் பார்த்தாள். 'கண்ணீருடன்: நல்லகாமன், கணவர்.'

மணி நாலு ஆனது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசலில் நின்ற என் விரல்கள்தான் கரைய ஆரம்பித்தன.

அவள் வெளியே வந்தாள். "நீ யாருன்னு நேத்தே தெரியும். இத நேர்ல சொல்றதுக்கென்ன?"

"பயம்," என்றேன். அவள் சிரித்தாள், அழுதாள்.

"திரும்ப வருவியா?"

"வந்துதான ஆகணும்."

"மெதுவா வா. அப்ப நான் கெழவியாகிருப்பேன், அடையாளம் தெரியணும்ல?" போனை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "எங்க, சிரி."