சம்பந்தியின் குரல்

தொலைக்காட்சியில் வரும்போதெல்லாம் "இந்த வருஷம் போன வருஷத்தை விடச் சூடு அதிகம்" என்று சொல்லிச் சொல்லியே, தட்பவெப்ப ஆராய்ச்சியாளரான அவளுக்கு வெயிலம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தது வேறு யாருமில்லை, அவளுடைய சம்பந்தியேதான்.

சம்பந்தி அணுமின் நிலையத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அணு உலை என்றால் அவருக்கு உயிர். பூமி சூடாகிறது என்று யாராவது சொன்னால் மட்டும் ஒரு மாதிரி சிரிப்பார். வெயிலம்மா அப்படியே தலைகீழ். பூமிக்குக் காய்ச்சல் என்பதைத் தன் கையாலேயே தொட்டுப் பார்த்தவள் போலப் பேசுவாள். அணு உலை என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்பாள். பெண்ணும் பையனும் இரண்டு குடும்பத்தையும் முதன்முதலாக ஒரே மேஜையில் உட்கார வைத்த அன்றே, கல்யாணப் பேச்சை ஓரங்கட்டிவிட்டு, யுரேனியக் கழிவை எங்கே புதைப்பது என்று இவர்கள் மல்லுக்கு நின்றார்கள்.

ஊருக்கு வெளியே ஏரிப் பக்கம் புதிதாக அணு உலை வரப்போகிறது என்றதும் ஊரே இரண்டுபட்டது. நூலகத்தில் வேலை பார்க்கும் வெயிலம்மாவின் மகள், அங்குள்ள கூட்ட அறையில் ஒரு விவாதத்துக்கு ஏற்பாடு செய்தாள். ஒரு பக்கம் அம்மா, மறு பக்கம் மாமனார்.

"வீட்ல சாப்பிட விடாம பேசறதை ரெண்டு பேரும் மைக்ல பேசுங்க. நாலு பேருக்காவது உபயோகப்படும்."

விவாத நாளன்று சம்பந்தி வந்தார், குரல் வரவில்லை. ஒரு வாரமாகக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேச்சைக் கத்திக் கத்திப் பழகியதில் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்று. கூட்ட அறையிலோ நிற்கக்கூட இடமில்லை.

"நீங்க வாசிச்சிடுங்களேன்" என்று மகள் தன் கணவனிடம் பேச்சுத்தாளை நீட்டினாள். மைக் பெட்டியைத் திருகிக்கொண்டிருந்த மாப்பிள்ளை இரண்டடி பின்வாங்கினான்.

"ஐயோ, மேடை ஏறினா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். அதுவும் அத்தையை எதிர்த்தா? ஆளை விடு."

தள்ளிப்போட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "தள்ளிப் போடுங்க, தள்ளிப் போடுங்க! ஐயாவுக்குத் தொண்டை கட்டினதை யார் நம்புவாங்க? பதில் சொல்ல முடியாம வெயிலம்மா நழுவிட்டாங்கன்னு நாளைக்குப் பேப்பர்ல வரும்."

வெயிலம்மாவுக்குச் சுருக்கென்றது. "குடு இப்படி" என்று தாளைப் பிடுங்கினாள். "நானே வாசிக்கறேன். ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். என்ன சம்பந்தி, சம்மதமா? சரின்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு தட்டு."

சம்பந்தி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேஜையை ஒரு தட்டு தட்டினார்.

முதலில் அவள் தன் பேச்சைப் பேசினாள். கடலின் சூடு, பனி உருகுவது, அளந்தவர்கள் யார், எப்படி அளந்தார்கள் என்று எல்லாம் சொன்னாள். கடைசியில், அணுக்கழிவை நம் தலையில் கட்டிக்கொள்ள வேண்டாம் என்று முடித்தாள். கைதட்டல் சுமாராக இருந்தது. பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சம்பந்தியின் தாளை எடுத்தாள்.

"'நாளைக்குத் துணி காயப் போடலாமான்னு கேட்டா இவங்களுக்குச் சொல்லத் தெரியாது. ஐம்பது வருஷம் கழிச்சு வர்ற வெயிலை மட்டும் அச்சு அசலாச் சொல்லிடுவாங்க.'"

அறையே குலுங்கிச் சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு நாளின் மழை வேறு, பல வருடச் சராசரி வேறு என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. வாக்குக் கொடுத்துவிட்டாளே, விழுங்கினாள்.

அடுத்து அணு உலைப் பகுதி. அரைமனதாக ஆரம்பித்தவளுக்கு, போகப்போகக் குரல் தானாக ஏறியது. வகுப்பெடுத்துப் பழகிய வாய். தெளிவாக எழுதிய எதையும் அதற்குத் தெளிவாகத்தான் வாசிக்கத் தெரியும். உலையிலிருந்து புகை வராது, காற்றில் கரி சேராது, இரவு பகல் பாராமல் மின்சாரம் வரும் என்று அவள் முடித்தபோது கைதட்டல் காதைப் பிளந்தது. தன் பேச்சுக்குக் கிடைத்ததைப்போல இரண்டு மடங்காவது இருக்கும். சம்பந்தி எழுந்து நின்று கும்பிட்டார்.

கேள்வி நேரத்தில் ஊர்ப் பல் டாக்டர் முதலில் எழுந்தார்.

"ஐயாவுக்கு ஒரு கேள்வி. பூமி சூடாகறதே புருடான்னா, உலையில கரிப்புகை வராததை எதுக்கு இவ்வளவு பெருமையாச் சொல்றீங்க?"

ஒரு தட்டா, இரண்டு தட்டா என்று சம்பந்தியின் கை மேஜைக்கு மேலேயே நின்றது. வெயிலம்மா வாய்விட்டுச் சிரித்தாள். டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"இருங்கம்மா, உங்களுக்கும் இருக்கு. வீடு பத்தி எரியுதுன்னு சொல்றது நீங்க. அணைக்க ஒருத்தர் வாளியோட வந்தா, வாளி பிடிக்கலைங்கறீங்க. உங்க விஞ்ஞானத்தை நாங்க நம்பணும். அவர் விஞ்ஞானத்தை நீங்க நம்ப மாட்டீங்க. என்ன நியாயம்?"

இப்போது சம்பந்தி மேஜையை மத்தளமாக்கினார்.

வெயிலம்மா மைக்கைப் பிடித்தபடி நின்றாள். சாமர்த்தியமாக நழுவ வழி இருந்தது. எத்தனை பேட்டி கொடுத்தவள்! ஆனால் இவ்வளவு நேரம் எதிராளியின் வார்த்தைகளைத் தன் வாயால் சொல்லிவிட்டு நழுவ மனம் வரவில்லை.

"உண்மையைச் சொல்லட்டுமா? என் அறிக்கையைப் படிக்காமலே பேசறாங்கன்னு ஊர் பூரா திட்டுவேன். கழிவைப் பத்தி அணு உலைக்காரங்க எழுதின அறிக்கையை நானும் முழுசாப் படிச்சதில்ல. பயம் இருக்கு. அந்தப் பயம் சரியா தப்பான்னு படிச்சாத்தான் சொல்ல முடியும்."

சம்பந்தி மருமகளிடம் பேனா வாங்கி, தன் பேச்சுத்தாளின் பின்பக்கம் எதையோ கிறுக்கி நீட்டினார். வெயிலம்மா வாசித்தாள்: "'உங்க அறிக்கையை நானும் படிக்கல. தலைப்பைப் பார்த்ததும் மூடி வச்சிட்டேன்.'"

கடைசியில் மகள் வாக்கெடுப்பு நடத்தினாள். அம்மா கட்சிக்குக் கை தூக்கச் சொன்னாள், ஏகப்பட்ட கைகள். மாமனார் கட்சிக்குச் சொன்னாள். கிட்டத்தட்ட அதே கைகள்.

"ரெண்டுக்கும் தூக்கினா எப்படிங்க?" என்றாள் அவள் பரிதாபமாக.

"ரெண்டையும் ஒரே ஆள்தானே சொன்னாங்க!" என்றார் முன்வரிசைக்காரர்.

குரல் திரும்பிய அன்றே சம்பந்தி தொலைபேசியில் வந்தார்.

"சம்பந்தியம்மா, அந்தத் துணி ஜோக்கை அவசரமா வாசிச்சுட்டீங்க. 'தெரியாது'ன்னு சொல்லி கொஞ்சம் நிறுத்தியிருக்கணும்."

"இதுக்கா கூப்பிட்டீங்க?"

"இல்ல... நீங்க அனுப்பின அறிக்கையில பாதி வந்துட்டேன்." தொண்டையைச் செருமினார். "கடல்ல அளக்கற கருவி சரியா அளக்குதான்னு யார் பார்க்கறாங்க? எங்க உலையில ஒரு அளவுமானியை நாங்க மூணு தடவை சோதிப்போம்."

வெயிலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சொல்லி முடிக்க வெகுநேரமாயிற்று. சம்பந்தி ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை.

"சரி, கழிவு வைக்கற இடத்தை எனக்கு நேர்ல காட்டுவீங்களா?" என்று கேட்டாள் அவள்.

காட்டினார். பழைய செல்வாக்கில் அனுமதி வாங்கி அழைத்துப் போனார். பெரிய மஞ்சள் தலைக்கவசம் காதுவரை இறங்க, வெயிலம்மா கான்கிரீட் தொட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து கேட்ட கேள்விகளில், சுற்றிக்காட்ட வந்த இளம் அதிகாரி வியர்த்துப்போய், பதில் தெரிந்த ஒருவரைக் கூட்டிவரப் போனார். சம்பந்தி பக்கத்தில் நின்று, "விடாதீங்க, இன்னும் கேளுங்க" என்று உற்சாகமாகக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.