ஏப்ரல் வரை ஒரு பேரம்

பவுக்யாவின் உயிர் விலை நூறு யூரோ. இரண்டு சுற்று மருந்திலுமாக அவள் உடம்புக்குள் போன பிளாட்டினம் மூன்று கிராம்தான். அன்றைய விலைக்குத் தானே பெருக்கிப் பார்த்திருக்கிறாள். லேவார்டன் ஊர் மாட்டுச் சந்தையில் தரகு பேசியே நரைத்தவளுக்கு, அந்தக் காசுக்கு நாலு வருஷ ஆயுள் கொள்ளை லாபமாகப் பட்டது.

சினைப்பையில் புற்று. முதல் தடவை மருந்துக்குச் சுருண்டது. மறுபடி தலைதூக்கியபோதும் அதே மருந்துக்குச் சுருண்டது. இப்போது மூன்றாம் தடவை வந்திருக்கிறது. மாதம் நவம்பர். அவளுக்கு ஏப்ரல் வரை வேண்டும். குளிரெல்லாம் கொட்டிலில் அடைந்து கிடந்த பசுக்களைப் புல்வெளிக்கு அவிழ்த்துவிடும் நாளில், கிழட்டு மாடுகூடக் கன்றாகித் துள்ளும். அதை இன்னும் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும்.

"அதே சரக்கைப் போடுங்க டாக்டர். ரெண்டு தடவை பலிச்ச சரக்கு."

"இனி அந்த மருந்துக்குப் புற்று கேக்காதும்மா," என்றார் ஹார்ஸ்மா. உட்ரெக்ட் நகரத்திலிருந்து வந்த இளம் டாக்டர். "உங்க அப்பா வழியா ஒரு பழுதான மரபணு வந்துச்சுல்ல? டி.என்.ஏ. அறுந்தா ஒட்டுப்போடற மரபணு. அது கெட்டதாலதான் புற்றே வந்துச்சு. அதனாலதான் மருந்தும் பலிச்சுது. பிளாட்டினம் போய்ச் சேதம் பண்ணினா, புற்று செல்லுக்குச் சரிபண்ணத் தெரியாம செத்துச்சு."

"இப்ப?"

"ஏதோ ஒரு செல்லுல, அந்தப் பழுது மேலயே இன்னொரு பிழை விழுந்து, மரபணு திரும்ப வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு. மத்ததையெல்லாம் மருந்து கொன்னுது. அது மட்டும் தப்பிச்சுப் பெருகிடுச்சு."

"எனக்கு?"

"உங்க உடம்புல அந்தப் பழுது அப்படியேதான் இருக்கு."

பவுக்யா சிரித்தாள். "நொண்டின்னு தள்ளிவிட்ட மாடு அடுத்தவன் கொட்டில்ல போய்க் குணமான மாதிரி. இந்தப் புற்று சரியான வியாபாரிதான்."

"சும்மா இரு அக்கா," கூட வந்திருந்த தங்கை சீட்ஸ்கே மூக்கை உறிஞ்சினாள். "வேற மருந்தே கிடையாதா டாக்டர்?"

"வாராவாரம் போடறது ஒண்ணு இருக்கு. பத்துப் பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்குக் கேக்கும்."

பவுக்யா அவர் உள்ளங்கையில் பட்டென்று அடித்தாள். "ஏப்ரல் கடைசி!"

சந்தையில் பேரம் அப்படித்தான். விலைக்கு விலை கையில் ஓர் அடி. கையைப் பற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது, மாடு கைமாறியது.

டாக்டர் விழித்தார். "என்கிட்ட இல்லாததை எப்படிம்மா தர்றது?"

"சரி, பிப்ரவரியாவது சொல்லுங்களேன்!" மறுபடி அடித்தாள்.

அவருக்கு மனசு கேட்கவில்லை. ஆறுதலாக அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

"ஐயோ, விடுங்க! பிப்ரவரிக்குப் பிடிச்சுட்டீங்களே!" என்று பதறினாள் சீட்ஸ்கே.

அப்புறம்தான் பவுக்யா குனிந்து பார்த்தாள். மருந்தில் மரத்துப்போன விரல்களுக்கு அவர் பிடித்ததே தெரியவில்லை. பிடித்த கையை உதறுகிற பழக்கம் அவள் குடும்பத்திலேயே கிடையாது.

"விடுடி. முடிஞ்சது முடிஞ்சதுதான்," என்றாள். "திங்கக்கிழமை வரேன் டாக்டர், உங்க வாராவார மருந்துக்கு."

காரில் ஏறியதும் கணக்குப் போட்டாள். வரவு, நாலு வருஷம். செலவு, சினைப்பை, ரெண்டு தடவை முடி, பத்து விரல். ஏப்ரல் பாக்கி.