பூட்டு பிஷப்

கிளெமென்ட் கார்சைட் துணை பிஷப் ஆகிப் பதினான்கு வருஷம். அதற்குள், ஆள் வரத்துக் குறைந்துபோன பதினோரு ஆலயங்களைப் பூட்டியிருக்கிறார்.

மூட முடிவெடுத்தவர் அவரல்ல. அந்த வட்டாரத்து ஆலயங்கள் எல்லாம் அடங்கிய திருமண்டலத்தின் பிஷப் லயனல் ட்ரெவான்யன். ஆனால் லயனலிடம் ஒரு பழக்கம் இருந்தது. புது மணியை ஆசீர்வதிக்க வேண்டுமா, பள்ளிக்கூடம் திறக்க வேண்டுமா, அவரே வருவார். கடைசி ஆராதனை என்றால் துணை பிஷப்பை அனுப்புவார். பீடத்திலிருந்து நற்கருணைப் பாத்திரத்தை எடுத்து, மெழுகுவர்த்திகளை அணைத்து, சனங்களை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டுவது கார்சைட்தான். கடிதங்களிலும் அவர் கையெழுத்துதான். வடக்கு இங்கிலாந்தின் அந்த மலைக்கிராமங்களில் அவருக்கு 'பூட்டு பிஷப்' என்று பெயர் விழுந்துவிட்டது.

லயனல் ஓய்வு பெற்றார். பிஷப்பின் நாற்காலி காலியானது. கார்சைட்டுக்கு அறுபத்து மூன்று வயது. இந்த முறை கிடைக்காவிட்டால் இனி எப்போதும் இல்லை.

எப்படிப்பட்ட பிஷப் வேண்டும் என்று சனங்களிடம் கேட்க, தேர்வுக் குழுவின் செயலர் ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார். யார் பெயரையும் சொல்லக் கூடாது, குணங்களை மட்டுமே சொல்ல வேண்டும் என்பது விதி. கார்சைட் ஆரம்ப ஜெபம் செய்தார். அத்தோடு எழுந்து போயிருக்கலாம். போகாமல் பின்வரிசையில் உட்கார்ந்தார்.

ஆடு வளர்க்கும் திருமதி த்வெய்ட் எழுந்தார்.

"பேரு சொல்லக்கூடாதுன்னீங்க, சொல்லல. என் புருஷன் ஞானஸ்நானம் வாங்குன கோயில இழுத்துப் பூட்டிட்டு, வாசல்ல நின்னு என்கிட்ட மழை வருமா வராதான்னு பேசிட்டு இருந்த ஆளு மட்டும் வேண்டாம்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. நாலைந்து தலைகள் பின்வரிசைப் பக்கம் திரும்பின.

"குணத்த மட்டும் சொல்லுங்கம்மா" என்றார் செயலர்.

"குணந்தாங்க சொல்றேன். கல்லு."

அந்த ஒரு ஆலயத்தைக் காப்பாற்ற லயனலுக்கு மூன்று கடிதம் எழுதியவர் கார்சைட். அன்றைக்கு வாசலில் மழையைத் தவிர வேறு எதைப் பேசியிருந்தாலும் அழுதிருப்பார். அதை எழுந்து நின்று சொல்ல முடியுமா? குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே லயனல் வீட்டுக்குக் காரை விட்டார். கூட்டத்தில் நடந்ததை அவர் சொல்லக் கேட்டுக் கூடவே வந்த மனைவி ஹெஸ்டர் உள்ளே வர மறுத்துவிட்டாள். "அந்த ஆள் வீட்டு டீ எனக்கு இறங்காது. நீங்க போய்ட்டு வாங்க."

லயனல் நாயை மடியில் வைத்துக்கொண்டு கணப்பருகே இருந்தார்.

"ஒரே ஒரு கடிதம் எழுதுங்க பிஷப். மூடினது உங்க முடிவு, அந்த ஆலயத்துக்காக நான் உங்களோட மல்லுக்கட்டினேன்னு. குழுவுக்குத் தெரிஞ்சா போதும்."

"ஓய்வு பெத்தவன் இதுல தலையிடக்கூடாது கிளெமென்ட். முறை உனக்குத் தெரியாதா?"

"தெரியும். இருந்தாலும் கேக்கறேன்."

"தவிர, போன மாசமே உன்னைப் பத்தி நல்லதாத்தான் சொல்லியிருக்கேன். குழுவுல ஒருத்தர் இங்க சாப்பிட வந்தாரு. பேச்சுவாக்குல கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"இவனை மாதிரி ரெண்டாவது ஆள் இங்கிலாந்துலயே கிடையாது, அந்த இடத்துலேர்ந்து எடுத்துடாதீங்கன்னேன்." லயனல் நாயின் காதைத் தடவினார். "இன்னும் ஆறு கோயில் மூடணும்ப்பா. புதுசா வர்றவரையா அனுப்ப முடியும்? பாவம், வந்ததும் வராததுமா கெட்ட பேரு!"

கார்சைட் கோப்பையை மேஜைமேல் வைத்தார். "டீக்கு நன்றி, பிஷப்" என்றார். சொன்ன பிறகுதான், நன்றி சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

காரில் ஏறி உட்கார்ந்தார்.

"எழுதித் தர்றாராமா?" என்றாள் ஹெஸ்டர்.

"போன மாசமே சொல்லிட்டாராம். ரெண்டாவது இடத்துலயே இருக்கட்டும்னு."

ஹெஸ்டர் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள்.

"வேண்டாம் ஹெஸ்டர். வயசானவரு. மனசு கஷ்டப்படும்."

அவள் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். "கல்லுன்னு அந்த த்வெய்ட் அம்மா சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றாள்.